எட்டு எட்டாகப் படித்த சங்குக் கணக்கு

மன்னார் வளைகுடாவில் சங்கு சிறுத்துவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் தேடிப் போன இடத்தில்தான், ஒரு கோப்பை பைட் பைட்டாகப் படிக்கவும், படித்ததை மற்றவர்களுக்காக எழுதிவைக்கவும் கற்றுக்கொண்டேன்.

கேட்டவர்கள் திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர்கள். அப்போது நான் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கும் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். மாணவர்களோடு கரைக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். “முன்ன எல்லாம் கைக்கு அடங்காத சங்கு கெடச்சுது. இப்ப சின்னதாத்தான் வருது. நாங்க சொன்னா வாய்ப்பேச்சுங்கிய. ஒங்க ஆளுவ வருசக்கணக்கா வந்து அளந்துட்டுப் போனாவளே, அந்தக் கணக்கு என்ன சொல்லுது?”

நியாயமான கேள்வி. இந்தக் கரையில் சங்கின் விட்டம் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் ஆர்வம் மட்டுமல்ல. வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையல் சங்கின் உடம்பைக் குறுக்கே அறுத்துச் செய்வது. உடம்பு அகலமாக இருந்தால்தான் நல்ல வளையல் கிடைக்கும், விலையும் கிடைக்கும். அதனால் இங்கே நெடுங்காலமாகச் சங்கை விட்டம் பார்த்தே தரம் பிரித்தார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதை எடுக்கக் கூடாது என்பது அரசு வைத்த விதி. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்காக இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூறாண்டுக்கு முந்தைய அந்தப் புத்தகத்தை இன்றும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் 1996 முதல் 1999 வரை கரையில் உட்கார்ந்து வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிய கணக்கைப் படிக்க முடியவில்லை.

அந்தக் கணக்கு எழுதப்பட்ட நோட்டுகளில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியவை மூன்றரை அங்குல ஃபிளாப்பித் தட்டுகள். அவற்றில் இருந்தவை எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் சேமித்த கோப்புகள். மென்பொருளின் உரிமம் காலாவதியாகி நாளாகியிருந்தது. தட்டுகளும் உப்புக்காற்றில் கிடந்தவை. சில இடங்களில் படிக்கும் கருவி நின்று நின்று திணறியது.

எஸ்பிஎஸ்எஸ் 1968இல் பிறந்த புள்ளியியல் மென்பொருள். நார்மன் நை, டேல் பென்ட், ஹாட்லாய் ஹல் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. சமூக அறிவியலுக்காக எழுதப்பட்டாலும், மருத்துவமனை முதல் மீன்துறை வரை எல்லா இடத்திலும் பரவிவிட்டது. 2009இல் ஐபிஎம் அதை வாங்கியது. அது தரவைச் சேமிக்கும் கோப்பு இரும வடிவம் கொண்டது. நோட்பேடில் திறந்தால் கட்டமும் புள்ளியுமாகத் தெரியும், நடுநடுவே ஓரிரு ஆங்கிலச் சொற்கள் எட்டிப்பார்க்கும். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒழுங்கான இலக்கணம் ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பிஎஸ்பிபி என்ற கட்டற்ற மென்பொருளின் ஆவணம். எஸ்பிஎஸ்எஸ் செய்யும் வேலைகளைச் செய்ய குனு திட்டத்தின் கீழ் பென் ஃபாஃப் தொடங்கிய மென்பொருள் அது. அவரும் உடன் உழைத்தவர்களும் அந்தக் கோப்பின் ஒவ்வொரு பைட்டுக்கும் என்ன பொருள் என்று உருவாக்குநர் கையேட்டில் ஒரு பகுதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர் மென்பொருளில் இந்தக் கோப்புகளைப் படிக்கும் பழைய நிரல்கூட பிஎஸ்பிபியின் வழிவந்ததுதான்.

அந்த ஆவணத்தை ஒரு பக்கமும் ஹெக்ஸ் எடிட்டரை மறு பக்கமும் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். கோப்பின் தலைப்பகுதி 176 பைட். முதல் நான்கு பைட்டில் டாலர் குறி, எஃப், எல், 2. இது இன்ன வகைக் கோப்பு என்பதற்கான முத்திரை அது. அடுத்த 60 பைட்டில் கோப்பை எழுதிய மென்பொருளின் பெயர். அதன்பின் நான்கு பைட்டில் ஒரு முழு எண், வழக்கமாக 2. அந்த எண்ணுக்கு ஒரு வேலை உண்டு. எண்ணின் பைட்டுகளைச் சில கணினிகள் சிறிய பக்கத்திலிருந்தும், சில பெரிய பக்கத்திலிருந்தும் எழுதும். படித்தால் 2 வந்தால் நாம் சரியான பக்கத்திலிருந்து படிக்கிறோம். 33554432 என்று வந்தால் பைட்டுகளைத் திருப்பிப்போட்டுப் படிக்க வேண்டும். கோப்பு எழுதப்பட்ட நாள், நேரம், வரிசைகளின் எண்ணிக்கை, சுருக்கப்பட்டதா இல்லையா என்ற குறிப்பு எல்லாம் இந்தத் தலைப்பகுதிக்குள்ளேயே வந்துவிடும்.

தலைப்பகுதிக்கு அடுத்து அகராதி. ஒவ்வொரு மாறிக்கும் 2 என்ற எண்ணோடு தொடங்கும் ஒரு பதிவு. பெயருக்கு எட்டே பைட். காட்டும் அகலம் எவ்வளவு, தசம இடங்கள் எத்தனை, எந்த மதிப்பை ‘இல்லாத தரவு’ என்று கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். குறியீடுகளின் விளக்கங்களுக்கு 3, 4 என்ற பதிவுகள். தரவை எழுதியவர் விட்டுச்செல்லும் குறிப்புகளுக்கு 6 என்ற பதிவு. பின்னால் சேர்ந்த வசதிகளுக்கெல்லாம் 7. அகராதி முடிந்தது என்று சொல்ல 999. அதற்குப் பிறகுதான் எண்கள்.

எங்கள் கோப்பில் ஒரு சங்குக்கு ஏழு மாறிகள்: நாள், மாதம், இரண்டு இலக்கத்தில் ஆண்டு, இறங்குதுறையின் குறியீடு, வள்ளத்தின் குறியீடு, குளித்த ஆழம் பாகக் கணக்கில், கடைசியாக விட்டம் மில்லிமீட்டரில். ஆனால் மாறிகளுக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. மென்பொருள் தானாக வைக்கும் வரிசை எண் பெயர்களே இருந்தன. எது எந்த மாறி என்பதைத் தரவைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 31ஐத் தாண்டாதது நாள், 12ஐத் தாண்டாதது மாதம், 96க்கும் 99க்கும் இடையில் நிற்பது ஆண்டு.

கோப்பைப் பிஎஸ்பிபியில் கொடுத்தால் பாதியில் பிழை காட்டி நின்றது. தட்டின் ஒரு பகுதி கெட்டுப்போய், கோப்பின் நடுவே 512 பைட் வெறும் சுழியமாக வந்திருந்ததுதான் காரணம். அதற்குப் பின்னால் நல்ல நிலையில் இருந்த பைட்டுகளையும் படிக்க வழியில்லை. இங்கேதான் ஆவணத்தின் அருமை முழுதாகப் புரிந்தது.

இடத்தைச் சேமிக்க எஸ்பிஎஸ்எஸ் ஒரு சுருக்கு வழியை வைத்திருக்கிறது. சாதாரணமாக ஓர் எண்ணுக்கு எட்டு பைட் வேண்டும். சிறிய முழு எண்ணாக இருந்தால் அதனோடு 100ஐக் கூட்டி ஒரே பைட்டில் வைத்துவிடும். 12 என்றால் 112, 96 என்றால் 196. 1 முதல் 251 வரை இப்படி. 252 என்றால் கோப்பு முடிந்தது. 253 என்றால் இந்த எண் சுருக்கத்துக்குள் அடங்கவில்லை, முழு எட்டு பைட்டும் பின்னால் வருகிறது. 254 என்றால் எட்டு வெற்றிடம். 255 என்றால் தரவே இல்லை. இந்தக் குறிகள் எட்டு எட்டாக ஒரு கட்டாக வரும். கட்டுக்குள் 253 எத்தனை உண்டோ, அத்தனை எட்டு பைட் எண்கள் அந்தக் கட்டை அடுத்து வரும். பிறகு அடுத்த கட்டு.

நடுவில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? ஓட்டைக்கு அப்பால் நிற்கும் எட்டு பைட்டுகள் குறிகளின் கட்டா, 253க்கு உரிய முழு எண்ணா என்று தெரியாது. கட்டுதான் என்றாலும் முதல் பைட் ஏழு மாறிகளில் எதைச் சேர்ந்தது என்று தெரியாது. ஆனால் மாறி ஏழு, கட்டு எட்டு என்பதால், எந்தக் கட்டிலும் முதல் பைட்டும் எட்டாவது பைட்டும் ஒரே மாறியாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டு 196க்கும் 199க்கும் இடையில்தான் வரும். மாதம் 101க்கும் 112க்கும் இடையில்தான் வரும், அதுவும் ஆண்டுக்கு ஒரு படி முன்னால். அடுத்த கட்டுக்குப் போனால் எல்லாம் ஒரு இடம் முன்னே நகர்ந்து நிற்கும். இந்தக் கட்டுப்பாடுகளை ஒரு சிறு நிரலாக எழுதி, ஓட்டைக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு எட்டையும் சோதிக்க விட்டேன். ஓரிடத்தில் எல்லாம் பொருந்தியது. அங்கிருந்து கோப்பின் கடைசி வரை சங்குகள் நாள், மாதம், துறை, ஆழத்தோடு ஒழுங்காக வந்து நின்றன. கெட்டுப்போன 512 பைட்டில் இருந்தவை போனவைதான். அவற்றைத் தவிர மற்றவை அனைத்தும் மீண்டன.

இதில் எனக்கு ஆழமாகப் பதிந்தது 199 என்ற பைட். ஆண்டின் இடத்தில் நின்றால் அது 1999. விட்டத்தின் இடத்தில் நின்றால் 99. அந்த 99ம் மில்லிமீட்டர் அளவா என்றால், அகராதி இல்லை என்றது. விட்டம் என்ற மாறியின் பதிவில் ‘இல்லாத தரவு’ என்று ஒரு மதிப்பு குறிக்கப்பட்டிருந்தது, அது 99. ஆக ஒரே பைட் ஓரிடத்தில் ஆண்டு, இன்னோரிடத்தில் அளக்கப்படாத சங்கு. பைட்டுக்குத் தன்னளவில் பொருள் கிடையாது. அது நிற்கும் இடமும், அந்த இடத்தைப் பற்றி யாரோ எழுதிவைத்த விதியும் சேர்ந்தால்தான் பொருள்.

ஆனால் இந்த 99 என்னை உறுத்தியது. பெரிய சங்கின் விட்டம் 99 மில்லிமீட்டர் இருக்க முடியாதா? நன்றாக முடியும். குளிக்காரர்கள் கைக்கு அடங்காது என்று சொன்னது அப்படிப்பட்ட சங்கைத்தான். அதை ‘இல்லாத தரவு’ என்று ஒதுக்கினால், எந்தக் கேள்விக்காக இந்தக் கோப்பைத் திறந்தோமோ அந்தக் கேள்வியின் விடையில் ஒரு பகுதியே விழுந்துபோகும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. விட்டங்கள் எல்லாம் முழு எண்கள், ஒரு பைட்டில் அடங்குபவை. அங்கங்கே மட்டும் விட்டத்தின் இடத்தில் 253 வந்தது. பின்னால் வந்த எட்டு பைட்டைக் கணக்கிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்: 98.9. முழு மில்லிமீட்டரில் அளந்தவர்கள் ஏன் இதை மட்டும் தசமத்தில் எழுதினார்கள்?

விடை அந்தக் கோப்பிலேயே, 6 என்ற பதிவில் இருந்தது. அந்தப் பதிவில் குறிப்புகள் 80 பைட் கொண்ட வரிகளாக இருக்கும். எங்கள் கோப்பில் அங்கே இருந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குழப்பம். ஆனால் ஒவ்வொரு வரியும் சரியாக 80 பைட்டில் முடிந்து, மீதி இடம் வெற்றிடத்தால் நிரப்பப்பட்டிருந்தது. கெட்டுப்போன பைட்டுகள் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. 90களில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. யூனிகோடு பரவாத காலம் அது. ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ வேறு குறிகளின் இடத்திலோ தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை வைத்திருந்தது. பாமினிக்கு ஒரு முறை, டிஸ்கிக்கு ஒரு முறை, 1999இல் தமிழக அரசு ஏற்ற டேம், டேப் ஆகியவற்றுக்கு வேறு முறை. எந்த எழுத்துருவில் அடித்தது என்று கோப்பு சொல்லாது. அந்தக் காலத்துக் கோப்பில் அதற்கென்று ஒரு இடமே இல்லை.

அப்போதைய கணக்கெடுப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அச்சடித்த தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“இது பாமினிலா. நாந்தான் அடிச்சேன், தம்பி. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

மாற்றிப் பார்த்தால் தெளிவான தமிழ். முதல் வரிகளில் துறைகளின் குறியீடுகள். கடைசி வரியில், 99 என்றால் அளக்கவில்லை, உண்மையிலேயே 99 உள்ள சங்கு வந்தால் 98.9 என்று போட்டிருக்கிறது என்ற குறிப்பு.

“கூடை கூடையா வரும். ஏவாரி அவசரப்படுவான். எண்ண நேரம் இருக்கும், அளக்க நேரம் இருக்காது. அதுக்குத்தான் தொண்ணூத்தொன்பது. ஆனா நெசமாவே தொண்ணூத்தொன்பது உள்ள சங்கு வந்தா அதை வுட்டுரக் கூடாதுல்லா? பின்னால பாக்குறவனுக்குத் தெரியணும்னுதான் எழுதிவெச்சேன்” என்றார்.

அவர் கணினி படித்தவர் அல்ல. கோப்பு வடிவம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஓர் ஆவணத்துக்கு என்ன வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பென் ஃபாஃபின் ஆவணம் 253 என்றால் என்ன என்று சொன்னது. 98.9 ஏன் என்பதை இவர் எழுதிய ஒற்றை வரி சொன்னது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சங்குகள் எங்கள் கணக்கில் சேர்ந்திருக்காது.

பழைய அளவுகளைத் தேடி இந்தக் கரையின் முத்துக்குளிப்பு அறிக்கைகளையும் அந்த நாட்களில் வாசித்தேன். தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் பார்கள் எனப்படும் பாறைத்திட்டுகள் கிடக்கின்றன. தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்கு முந்தைய காலத்து அறிக்கைகளில் முத்தைத் தரம் பிரித்த முறை விரிவாக இருக்கிறது. பத்து பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்துச் சலிப்பார்கள். சல்லடைகளுக்கு 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று எண். பிறகு வடிவமும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை வகை பிரிப்பார்கள். எடை மஞ்சாடியில். மதிப்பைச் செவ்வு என்ற அலகால் சொல்வார்கள். மஞ்சாடி எடையின் வர்க்கத்தில் முக்கால் பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு வரும். இந்த விதியையும் அட்டவணையோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். மஞ்சாடியும் செவ்வும் வழக்கொழிந்த பின்னும், ஒரு மாணவர் அந்தக் கணக்கை இன்று திரும்பப் போட்டுச் சரிபார்க்க முடிகிறது. அட்டவணை மட்டும் மிஞ்சி விதி தொலைந்திருந்தால் அது வெறும் எண்களின் குவியல்.

நம் நாட்டின் பெரிய கணக்கெடுப்புகளிலும் இதே பாடம் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் அலகு நிலைத் தரவு நெடுங்காலமாக வெறும் எழுத்துக் கோப்பாக, ஒரு வரியில் எண்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் வடிவில் வந்தது. கூடவே ஓர் அமைப்பு விவரக் கோப்பும் வரும். எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் தொடங்கி எத்தனையாவது பைட்டில் முடிகிறது என்று அதில் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணை கையில் இருந்தால் எந்தக் கணினியிலும், எந்த மென்பொருளிலும் படிக்கலாம். பின்னர் பல சுற்றுகளின் தரவு, நார்வேயில் உருவான நெஸ்ஸ்டார் என்ற இரும வடிவிலும் வந்தது. விளக்கங்களும் தரவும் ஒரே கோப்பில் இருக்கும், பார்க்க வசதியானது. ஆனால் அதைத் திறக்க அதற்கென்றே உள்ள விண்டோஸ் மென்பொருள் வேண்டியிருந்தது. வசதிக்காக இரும வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அதன் இலக்கணமும் பொதுவில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் நிறுவனம் தன் கோப்பு வடிவத்தைப் பைட் வாரியாக விளக்கி வெளியிட்டிருக்கிறது. விற்பனைக்குரிய மென்பொருளாலும் இது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சங்குக் கோப்புகளை மீட்டு முடித்ததும் மாணவர்களோடு உட்கார்ந்து தமிழில் ஓர் ஆவணம் எழுதினோம். தலைப்பகுதி, அகராதி, சுருக்கு முறை, கட்டுகள், ஓட்டைக்கு அப்பால் இடம் பிடித்த வழி, பாமினியிலிருந்து மாற்றிய விதம், 99, 98.9 எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் எங்கள் கோப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்தோம். பிஎஸ்பிபி ஆவணத்திடமிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். அதை எழுதியவர்கள் தங்களுக்குப் பிடிபடாத பைட்டுகளை மறைக்கவில்லை, பொருள் தெரியவில்லை என்றே எழுதியிருந்தார்கள். நாங்களும் விளங்காத இடங்களை அப்படியே குறித்தோம். ஊகத்தை விதியாக எழுதினால் அடுத்து வருபவர் அதை நம்பி வழிதவறுவார். தெரியாது என்று எழுதினால் அவர் தேடத் தொடங்குவார்.

அந்த வேலையில் ஒரு மாணவி கேட்டார்: “இதைத் தமிழில் யார் சார் படிப்பாங்க?” படிக்கப்போவது இந்தக் கரையில் அளவெடுப்பவர்களும் அளந்ததைத் தட்டச்சு செய்பவர்களும்தான். தான் அடிக்கும் 99 எங்கே போய் நிற்கிறது, பிறகு அதை எப்படிப் படிப்பார்கள் என்று தெரிந்தால், அண்ணாச்சி எழுதியது போன்ற ஒரு வரியை அவர்களும் எழுதுவார்கள். நிரலாளருக்கான ஆவணம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. தரவைப் பிறப்பிப்பவருக்கான ஆவணம் அவர் மொழியில் இருக்க வேண்டும்.

மீட்ட எண்களை ஒரு வரிக்கு ஒரு சங்கு என்று காற்புள்ளியிட்ட எழுத்துக் கோப்பாகவும் வைத்தோம். மூலக் கோப்பை அழிக்கவில்லை. எங்கள் மாற்றத்தில் ஐயம் எழுந்தால் எவரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன்பிறகு மாணவர்கள் கரையில் எடுக்கும் புதிய அளவுகளுக்கும் அதே ஏழு மாறிகளை, இந்த முறை பெயரோடும் அலகோடும் வைத்தோம். பழையதும் புதியதும் ஒரே தராசில் நிற்காவிட்டால் சிறுத்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஒரு கடலின் மாற்றம் ஆண்டுக்கணக்கில்தான் தெரியும். மென்பொருளின் ஆயுளோ அதைவிடக் குறைவு. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே பாலமாக நிற்கக்கூடியது எழுதிவைத்த விளக்கம் ஒன்றே.

திரேஸ்புரத்தில் கேள்வி கேட்டவர்களிடம் போய், பழைய கணக்கு படிக்கும் நிலைக்கு வந்துவிட்டது, இனி ஒப்பிடலாம் என்று சொன்னோம். துறைவாரியாக, ஆழவாரியாகப் பிரித்த அட்டவணைகளைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்தோம். அவர்கள் அதை வரி வரியாகப் பார்த்து, இந்தத் துறையில் அந்த வருடம் ஏன் குறைவு, இந்த ஆழத்தில் யார் குளித்தது என்று கேட்டார்கள், சில இடங்களில் தாங்களே விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கங்களையும் நாளிட்டு ஆவணத்தில் சேர்த்தோம். இன்று யார் என்னிடம் தரவு சேர்க்கும் திட்டத்தோடு வந்தாலும் முதல் அளவு எடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் கோப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பொருள் என்று எழுதியாயிற்றா, அதை அளவெடுப்பவர் படித்தாரா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகே அளக்கத் தொடங்கலாம்.